அமீன் பாயிடம் இல்லாத ட்யூப்

நூருல் அமீனிடம் சைக்கிள் ட்யூப் வாங்குவதைவிட ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது சுலபம். கோபத்தில் சொல்லவில்லை. இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய சைக்கிள் உதிரிபாகக் கடை. நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. பதினோரு வருடமாக ஷட்டரைத் தூக்கியதும் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன். வியாபாரம் சுமார்தான்.

"இருபத்தாறு ட்யூப் ஒண்ணு குடுங்க பாய்" என்று யாராவது வருவார்கள். பாய் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

"எந்த இருபத்தாறு?"

வந்தவர் விழிப்பார். லேடீஸ் சைக்கிளும் இருபத்தாறு, ஒரு காலத்துக் கியர் சைக்கிளும் இருபத்தாறு. ஆனால் ஒன்றின் ட்யூப் மற்றதற்கு ஆகாது. ஒல்லி டயருக்குள் பெருத்த ட்யூபைத் திணித்தால் உள்ளே மடிந்துகொண்டு, மடிப்பிலேயே கிழியும். பெருத்த டயருக்குள் ஒல்லி ட்யூபைப் போட்டால் ஊதி மெலிந்து, கருவேல முள்ளுக்குக் காத்திருக்கும். இதையெல்லாம் பாய் நிதானமாகச் சொல்வார். நிற்பவருக்கு பஸ் போய்க்கொண்டிருக்கும்.

"டயர்ல பெருசா எழுதியிருக்கறத நம்பாதீங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு நம்பர், ஒரு கோடு, இன்னொரு நம்பர் இருக்கும். மொத நம்பர் டயரோட அகலம். ரெண்டாவது ரிம்மு அளவு. அத எழுதிட்டு வாங்க, ட்யூப வாங்கிட்டுப் போங்க."

திருவேட்டக்குடியிலிருந்து வந்த ஒருவர், "ட்யூபு கேட்டா ஜாதகம் கேக்குறீங்களே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பாய் அசையவில்லை. மறுநாள் அதே ஆள் தீப்பெட்டி அட்டையில் 40-635 என்று எழுதிக்கொண்டு வந்தார். ட்யூபோடு போனவர் அதன்பிறகு வரவே இல்லை. பாயின் கணக்கில் திரும்பி வராதவர்தான் நல்ல வாடிக்கையாளர். நம்பரோடு வந்த ஒருவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்பர் இல்லாமல் போன என்னையே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். எதிர்க்கடைக்காரி என்ற தாட்சண்யம் துளியும் கிடையாது.

அவர் மனைவி மெஹர் பானு. எனக்கு பானு அக்கா. ஒரே மகள் ஷிஃபா கல்யாணமாகி ஷார்ஜா போனபிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். அக்காவுக்கு ஆஸ்பத்திரி, தங்கச்சி வீடு, தையற்கடை என்று எங்கே போவதானாலும் பாய்க்கு ஃபோன் வரும். "எழிலு, கடையப் பாத்துக்கம்மா. இவளுக்கு வேற வேலயில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுப்பார். இருபத்துநாலு வருடமாக இப்படித்தான். திரும்பி வரும்போது மட்டும் முகம் தெளிவாக இருக்கும். வெயிலில் போய்விட்டு வந்தவர் எப்படித் தெளிவாக இருக்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

போன ஏப்ரலில் இரண்டு காரியம் நடந்தது. நெரவியில் ஒரு நர்சரி பள்ளியில் அக்காவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு, நாற்பத்தாறு வயதில் முதல் வேலை. ஜூன் முதல் திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது. பாய் கடை திறக்கும் நேரமும் அதுதான். சைக்கிள் இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சைக்கிளும் வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டு கைலாசநாதன் சார் பிரெஞ்சு பென்ஷன்காரர். பாரிசில் மகளோடு தங்கிவிடுவதென்று கிளம்பியவர், முன்பு அங்கிருந்து சாமான்களோடு கொண்டுவந்த சைக்கிளை அக்காவிடம் கொடுத்துவிட்டார். டயர் நன்றாக இருந்தது. ட்யூப் இரண்டும் இற்றுப்போயிருந்தன.

டயரில் பெரிதாக 650B என்று இருந்தது. இருபத்தாறு, இருபத்தெட்டு கேட்டுப் பழகிய ஊருக்கு அறுநூற்றைம்பது புதிது. பாய் குனிந்து பார்த்தார்.

"இது பிரெஞ்சு அளவு. இங்க கெடைக்காது. பிரான்ஸ்லேர்ந்துதான் வரவழைக்கணும்."

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பென்ஷன் அங்கிருந்து வருகிறது, சென்ட் பாட்டில் வருகிறது, மாப்பிள்ளையே வருகிறார். ட்யூப் வராதா? நானும் நம்பினேன்.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. அக்கா கேட்கும்போதெல்லாம் பாய் "வரும்" என்றார்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கையில் அக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எழிலு, அவங்க எதுக்கும் இன்ஷா அல்லாஹ் சொல்றவங்க. கரண்டு வருமாங்கன்னாலும் இன்ஷா அல்லாஹ், இட்லி மாவு பொங்குமாங்கன்னாலும் இன்ஷா அல்லாஹ். இந்த ட்யூபுக்கு மட்டும் ஒருதடவகூடச் சொல்லல. வெறும் 'வரும்'தான். பொய்யில அல்லாஹ்வ இழுக்க வேணாம்னு பாக்குறாங்க."

டயரை ஃபோனில் படம் எடுத்து வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினேன். 650Bக்குக் கீழே, அழுக்குக்குள் பொடி எழுத்து: 35-584. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "நீயும் வா" என்றாள்.

கடையில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றாள். அவர்கள் போனதும் தாளை நீட்டினாள்.

"முப்பத்தஞ்சு, ஐநூத்தி எண்பத்திநாலு. ரெண்டு வேணும்."

பாய் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

அவர் எழுந்து மேல் தட்டிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். டப்பா மேல் பெரிதாக 27.5 என்றிருந்தது. இப்போது காலேஜ் பிள்ளைகள் ஓட்டுகிற கியர் சைக்கிளின் அளவு. அதற்குக் கீழே பொடியாக 32/47-584. ரிம் அளவு அதே ஐநூற்று எண்பத்துநான்கு. அகலம் முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழு வரை. முப்பத்தைந்து அதற்குள் சௌகரியமாக அடங்கும்.

"எத்தன நாளா இருக்கு?" என்றாள் அக்கா.

"எப்பவும் இருக்கறதுதான்."

"அப்ப ஏன் இல்லேன்னீங்க?"

"நெரவி ரோட்டுல லாரி வருது."

"உங்க ஸ்கூட்டருக்கு வழி விட்டுட்டா வருது?"

பாய் ஒரு துணியை எடுத்துத் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். நான் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

"ஷிஃபாவும் போயிட்டா" என்றார். "வீட்டுல சாப்புடுறோம், டிவி பாக்குறோம், படுத்துடுறோம். நீ எங்கிட்ட பேசுறதே ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து வர்றப்பதான். சைக்கிள் வந்துட்டா நீ என்னக் கூப்புட மாட்டியே பானு."

அதுவரை இருந்த என் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.



"இத ஏப்ரல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேலையே வேணாம்னு சொல்லியிருப்பேங்க" என்றாள் அக்கா. "நல்லவேள, சொல்லல."

அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் இரண்டு டப்பாக்களையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.