மடித்த இலை

தம்பி இலையை மடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அம்மா நெய்யை ஊற்றி நிமிர்வதற்குள், சோற்றைத் தொடாமலேயே மடித்துவிட்டு எழுந்துபோனான். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம் அது. வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புதுச்சேரியில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவன் விடுமுறைக்கு வந்திருந்தான். நான் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் இருந்தேன்.

தம்பி சின்ன வயதிலிருந்தே நல்ல பருமன். அம்மாவுக்கு அதில் பெருமைதான். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனதை அவள் மறக்கவே இல்லை. இவன் இலையில் சோறு குறைந்தால் அவளுக்குப் பொறுக்காது. இந்த முறை அவன் மோரைத் தவிர எதையும் தொடவில்லை. காரணம் கேட்டாலும் வாய் திறக்கவில்லை. எழுந்தால் கண் இருட்டித் தூணைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் அம்மாவும் சாப்பாட்டை விட்டாள்.

"நீ துன்னாத சோறு எனக்கு இன்னாத்துக்குடா?"

அப்பா விடியுமுன் கரும்புக் கொல்லைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். இருவரில் யார் முதலில் விழப்போகிறார்களோ என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

தம்பிதான் விழுந்தான், கிணற்றடியில். தண்ணீர் தெளித்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்தவனிடம், "இன்னாடா ஆச்சி, சொல்லுடா" என்றேன். அம்மா ஓடிவந்து நின்றதைப் பார்த்த பிறகும் சொன்னான்.

"எங்க வாத்தியார் தொரை என்னைச் சட்டைய கழட்டச் சொன்னாருக்கா. பசங்க முன்னாடி நிக்க வெச்சி, கொழுப்பு எங்கெங்க சேருதுன்னு குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டினாரு. எல்லாரும் பாத்து எழுதிக்கினாங்க. சிரிச்சிருந்தாகூட தாங்கியிருப்பேன்."

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அது நான் வளத்த ஒடம்புடா" என்றாள்.

"தெரியும்மா. ஆனா நடந்தா மூச்சு வாங்குது. கொறைச்சிதான் ஆவணும்."

அவள் உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள். "எவ்ளோ ஊத்தட்டும், நீயே சொல்லு." அப்படி அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் அரைக் கிண்ணம் குடித்தான். மிச்சத்தை அவள் குடித்தாள்.

தம்பி படிப்பை முடித்து டாக்டரானான்; கொஞ்சம் மெலிந்தான், அவ்வளவுதான். போதும் என்று அவன் கை காட்டினால் அம்மா நிறுத்திக்கொள்வாள். ஆனால் அவள் இருந்தவரை, அவன் கை கழுவப் போகும்வரைக்கும் கரண்டியைக் கீழே வைத்ததில்லை.