சமையலறைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், டாக்டருக்குப் பயம். ஆனால் வாழ்க்கையில் நான் மிக அதிகமாகப் பயந்தது ஒரு ஸ்பீக்கருக்குத்தான். அதை மாட்டியவனும் நானேதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஓர் ஆடியோ கடையில் வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் ஸ்பீக்கர் என்றால் இடுப்பு உயரத்துக்குப் பெட்டி. பெரிய பெட்டி வைத்திருப்பவர் பெரிய மனிதர். சீலிங்குக்குள் புதைக்கிற மெல்லிய ஸ்பீக்கர்கள் சிங்கப்பூர் போய்வந்தவர்களின் சூட்கேஸில்தான் கோயமுத்தூருக்கு வந்தன. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த அப்பா, பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் புது வீடு கட்டியபோது, நம் வீட்டுக்கும் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அம்மாவும் என் கட்சி. பெட்டி வந்தால் தூசி துடைக்க வேண்டியவள் அவள்தானே.

சமையலறையும் சாப்பாட்டு அறையும் சேர்ந்து ஒரே நீளமான அறை. ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டு வட்டம் வெட்டி, அடுப்புப் பக்கம் ஒன்று, மேசைப் பக்கம் ஒன்று என்று பொருத்தினேன். திருகைத் திருகினால் உள்ளே சின்னக் காதுகள் விரிந்து சீலிங்கைக் கவ்விக்கொள்ளும். மேலே வெள்ளை வலை. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பொட்டியே இல்லாம எப்படிப் பாடுது?" என்றார். பெட்டி இல்லாமல் இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அறைக்குள் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ, அவ்வளவையும் முதுகுப் பக்கமும் தள்ளும். அந்த முதுகுச் சத்தத்தை அடைத்து வைக்கத்தான் மரப்பெட்டி. இதற்கோ, சீலிங்குக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம்தான் பெட்டி. கடைக்கு வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லுவேன். சொன்னதை நானே யோசித்துப் பார்க்கவில்லை.

புது வீட்டுக்குக் குடிபோன மறு வருடமே அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, கல்லீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது, இனி மாதக் கணக்குத்தான் என்றார். எங்கள் பக்கத்தில் இதை நோயாளியிடம் சொல்வதில்லை. சொன்னால் மனசு விட்டுவிடுவார், இருக்கிற நாளும் குறைந்துவிடும் என்பது எல்லோருடைய முடிவும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட மூச்சு உட்ராத கண்ணு. அல்சர்னே சொல்லிப்போடு" என்றாள். சொல்லிப்போட்டேன்.

மாடி ஏற முடியாமல் போனதும், சாப்பாட்டு அறையைப் பிளைவுட் அடித்துத் தனி அறையாக்கி அப்பாவைக் கீழே கொண்டுவந்தோம். தடித்த பலகை, இறுக்கமான கதவு. அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில், இந்தப் பக்கம் சமையலறை. அங்கேதான் ரகசியமெல்லாம் பேசினோம். ரிப்போர்ட், மருந்து, யாருக்கு எப்போது சொல்லி அனுப்புவது, எல்லாம்.

ஒரு நாள் மதியம் அப்பா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நான் அவர் அறையில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேலே யாரோ பேசினார்கள். அம்மாவின் குரல். அன்னூரிலிருந்து வந்திருந்த என் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு தை தாண்டாதுன்னு சொல்லிப்போட்டாருங் கண்ணு. அவரு என்னடான்னா, சித்திரையில தோப்புக்குப் போலாமுன்னு சொல்றாரு." அப்புறம் அழுகை.

விரிப்பைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். பலகையை சீலிங் வரைக்கும்தான் அடித்திருந்தோம். அதற்கு மேலே வெற்றிடம் அப்படியே ஒன்றாகத்தான் இருந்தது. பாட்டு எதுவும் ஓடாவிட்டாலும், சமையலறைப் பேச்சு அந்தப் பக்கத்து மெல்லிய கூம்பு வழியாக மேலே போய், இந்தப் பக்கத்துக் கூம்பு வழியாகக் கட்டிலுக்கு நேரே இறங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கல்தான். ஆனால் ஒரு சொல் தப்பவில்லை. சுவருக்கும் காது உண்டு என்று சொல்லிவைத்தவர்கள் மேலே பார்க்கச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் எவ்வளவு நாளாக? அவர் மாத்திரையை விழுங்கும்போது முகத்தையே பார்த்தேன். "மத்தியானம் தூங்குனீங்களாப்பா?" என்று கேட்டேன். "தூக்கம் எங்க கண்ணு வருது, சும்மா கண்ண மூடீட்டுப் படுத்திருக்கறதுதான்" என்றார். வேறு இடத்தில் பேசலாம் என்று அம்மாவிடம் சொல்லவும் பயம். ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் அவள் உடைந்துபோவாள்.

கடைசியில், சத்தம் போகிற வழியையே அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்த நேரம் பார்த்து, ஏணியும் ஒரு பழைய கம்பளியுமாக உள்ளே போனேன். வலையைக் கழற்றி, முதல் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.

"என்ன கண்ணு பண்றே?"

ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "கரகரன்னு சத்தம் வருதுங்கப்பா. என்னன்னு பாக்கறேனுங்க."

"கரகரப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கேக்குது."

நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

"கம்பளிய வெச்சு அடைக்கலாமுன்னு வந்தியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "வேண்டாம் கண்ணு. உங்கம்மா எம்முன்னால சிரிச்சுட்டே நிக்கறா. ஒரு சொட்டுக் கண்ணீர் உட மாட்டேங்கறா. எனக்காக அவ அழுகறது அதுலதான் கேக்குது. அதை அடைச்சுப்போடாத."

கீழே இறங்கி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் கொஞ்ச நேரம் அழ விட்டார். பிறகு, "எனக்குத் தெரியுமுன்னு அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அங்கயும் அழுக மாட்டா" என்றார்.

திரும்ப ஏறி வலையை மாட்டினேன். ஏணியோடு சமையலறைக்குப் போனபோது அம்மா அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி, "ஏங்கண்ணு, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதில்ல?" என்று கேட்டாள்.

அவள் தலைக்கு மேலே அந்த வெள்ளை வலை இருந்தது.

"தெரியாதுங்கம்மா" என்றேன், அவருக்கும் கேட்கிற மாதிரி.