புதினாவுக்கு ஒரு குவார்ட்டர்

கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிபோன புதிதில் வாயைத் திறந்தால் எனக்குப் புலம்பல்தான். போர் தண்ணீர் அத்தனை உப்பு. மண் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். புதினாக் குச்சியை எத்தனை முறை நட்டாலும் இலை ஓரம் கருகிச் செத்துப்போகும். ஒரு புதினாகூடப் பிழைக்காத இடத்தில் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது, கரையான்சாவடி வாடகை வீட்டுக்கே போய்விடலாம் என்று கணவரைப் பிடுங்கி எடுத்தேன். பாவம், ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. காதில் விழாததுபோல வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் ஒரு பொட்டலத்தோடு வந்தார். திராட்சைத் தோட்டத்தில் தெளிக்கிற வளர்ச்சி ஊக்கியாம். அளவாகத் தெளித்தால் உப்பு மண்ணிலும் செடி தாக்குப்பிடிக்கும் என்று கம்பெனி நண்பர் கொடுத்திருந்தார். ஒரே சிக்கல், அந்தத் தூள் தண்ணீரில் லேசில் கரையாது. முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஆல்கஹால், பிரசங்கத்தில் திட்டு வாங்குகிற ஆல்கஹால்தான். கோயிலில் நற்கருணைக்குத் தரும் திராட்சை ரசத்தைத் தவிர எதையும் தொடாத மனுஷன், ஒயின் ஷாப்பில் ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். ஒளித்ததுதான் வினை. எங்கள் சபையைச் சேர்ந்த யாரோ பார்த்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி ஊரைச் சுற்றிப் பாஸ்டர் காதுக்குப் போவதற்குள் இரண்டு தடவை தெளித்து முடித்திருந்தோம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்கே வந்து, குடியிலிருந்து விடுதலை வேண்டி உருக்கமாக ஜெபித்தார். கணவர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். ஆமென் வரை பொறுத்திருந்து, பாஸ்டரைக் கொல்லைக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். புதினா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. அங்கங்கே கருகல்தான், ஆனால் உயிரோடு இருந்தது.

ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்த பாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடையில் கட்டுக் கட்டாக விற்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார்.

"இது பொயைக்கலன்னா இவ இந்த ஊட்ல இருக்க மாட்டா பாஸ்டர்," என்றார் கணவர்.

இத்தனை நாள் நான் புலம்பியதையெல்லாம் மனுஷன் இப்படியா உள்ளே போட்டு வைத்திருந்தார்!

"நான் எங்க போறேன்? பாட்டில்ல இன்னும் கொஞ்சம் கீதுல்ல, அடுத்த பாத்திக்குக் கலக்குங்க," என்றேன், பாஸ்டரை வைத்துக்கொண்டே.