ஆட்டுக்கால் இல்லாத பாயா

ஞாயிறு காலை 7.15. தம்போயிலிருந்து செடெனாக்குக்கு வாடகைக் கார், ஐம்பத்தைந்து ரிங்கிட். மடியில் எட்டு மாத மகள். பையில் ஆட்சேபக் கடிதம். செடெனாக்கில் ஒரு தாமானுக்கு, அதாவது வீட்டுக் குடியிருப்புக்கு, பின்னாலுள்ள சதுப்பு நிலத்தை மண்ணடித்து மூடும் திட்டம். அன்றைக்குள் இருபது வீட்டாராவது கையெழுத்திட்டால்தான் கடிதத்தை அனுப்புவதாகக் குடியிருப்பாளர் சங்கம் சொல்லியிருந்தது.

கூலாய் தாண்டியதும் செம்பனை மரங்கள் பனியில் மிதந்தன. குழந்தைக்குத் தொப்பி போட்டிருக்க வேண்டுமோ என்று மூன்று முறை நினைத்தேன்.

8.20. தாமான் கொட்டகையில் நல்ல கூட்டம். பலர் கையில் தூக்குச்சட்டி. சதுப்பு நிலத்தைப் பற்றி விளக்க என்னை அழைத்திருந்த சங்கத்துச் செல்வி அக்கா ஓடி வந்தார்.

"என்னம்மா மெசேஜ் போட்ட? 'ஞாயிறு காலையில பாயா, குடும்பத்தோட வாங்க'ன்னா ஆட்டுக்கால் சூப்புன்னுதானே நினைப்பாங்க!"

சதுப்பு நிலத்துக்கு மலாயில் பாயா என்றுதான் பெயர். நானும் அப்படியே எழுதிவிட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"சூப்பு எங்கம்மா?" என்றார் லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன்.

"பின்னால இருக்கு, வாங்கண்ணே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பலகைப் பாதையில் வரிசையாக நடந்தோம். தேநீர் நிறத் தண்ணீரில் வானம் தலைகீழாகக் கிடந்தது. கோரைப்புல் அசையும்போது மேகமும் அசைந்தது. நாங்களும் தண்ணீருக்குள்தான் நடக்கிறோமோ என்று தோன்றியது.

சதுப்பு நிலம் என்ன செய்கிறது என்று காட்டக் கையில் இருந்தது மகளின் துணி நேப்பிதான். அதில் தண்ணீர் ஊற்றினேன்; வழியவில்லை. பிழிந்தேன், முனியாண்டி அண்ணனின் சட்டியில் இறங்கியது.

"மழைய இந்தப் பாயா இப்படிப் பிடிச்சு வச்சுத்தான் உங்க கோயில் கிணத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமா விடுது. மண்ணடிச்சா, குழாய்த் தண்ணி நிக்கிற நாள்ல கிணறும் கைவிட்டுடும்" என்றேன்.

"அலமாக்! அப்போ நம்ம கிணத்துக்கு நேப்பி கட்டியிருக்கா?" என்றார் முனியாண்டி அண்ணன்.

சிரிப்பு அடங்கியதும் பேனாவை முதலில் கேட்டவரும் அவர்தான்.

10.40. இருபத்திரண்டு கையெழுத்து. என்மீது இரக்கப்பட்டுப் போட்டார்களோ என்று காரில் ஒரு கணம் சந்தேகம்.

தம்போயில் இறங்கும்போது மழை. வாசல் சிமெண்டில் விழுந்த தண்ணீர் நிற்காமல் சாக்கடைக்கு ஓடியது. எங்கள் தாமானும் ஏதோ ஒரு பாயாவின் மேல்தான் நிற்கிறதோ என்னவோ. அதை மூடிய காலத்தில் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தேன். யாருக்கும் நினைவில்லை.