சூப்புக்கு வந்த கோழி

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், நான் முற்றத்துக் கஜு மரத்தின் கீழே சாய்மனைக் கதிரையிலேயே கிடந்தேன். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தையல் மெசினை மிதிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருபது வருசமாக ஊராரின் உடுப்புகளைத் தைத்து வந்தவளுக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பதென்று தெரியவில்லை. முதல் சில நாட்கள் சும்மா சும்மா அழுகை வந்தது. பிறகு மருந்தின் மயக்கமும் சோளகக் காற்றும் சேர்ந்து என்னை மெல்ல எங்கோ இழுத்துக்கொண்டு போயின.

எங்கள் ஊர் மாம்புரியில் சோளகம் வீசத் தொடங்கினால் தென்னோலைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அவற்றுக்கு அப்பால் கடற்கரையின் மின்சாரக் காற்றாடிகள் சத்தமில்லாமல் சுற்றும். நான் கண்ணயர்ந்து விழிப்பேன், அவை சுற்றிக்கொண்டிருக்கும். மறுபடியும் கண்ணயர்வேன். காலையா பின்னேரமா என்பதை மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அறிந்துகொள்வேன்.

அந்த நாட்களில் எனக்குத் துணை கோழிகள்தான். ஒரு வெள்ளைச் சேவல், கோழிப் பாமில் முட்டை குறைந்ததென்று கழித்துவிட்டபோது வாங்கி வந்த நாலு தவிட்டு நிற லேயர்கள், ஒரு சோடி கினிக்கோழி. லேயர்களின் அலகுகளைக் குஞ்சிலேயே நறுக்கியிருந்தார்கள். வெயில், மண், புழு எல்லாமே அவற்றுக்கு எங்கள் முற்றத்தில்தான் அறிமுகமாயின. அவை மண்ணைக் கிளறி, கிளறிய இடத்தையே ஆச்சரியத்துடன் பார்த்துக்கொண்டு நிற்கும். நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் வெங்காயத் தோட்டம் செய்பவர். உடப்பு ஊரில் அவருக்கு மீன்பிடிக்கிற கூட்டாளி ஒருவர் இருக்கிறார். நான் வீடு வந்த இரண்டாம் கிழமை, அந்தக் கூட்டாளி எனக்காகத் தந்தார் என்று கணவர் ஒரு பேட்டுக் கோழியை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். கால்கள் கட்டப்பட்டிருந்தன. அப்படித் தலைகீழாகத் தொங்கியபோதும் அது கழுத்தை வளைத்துத் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தது. நீண்ட மஞ்சள் கால்கள், கருஞ்சிவப்பு இறகு, இல்லையென்று சொல்லும்படியான சின்னக் கொண்டை. கண்கள் மட்டும் முத்துப் போல வெளிறியிருந்தன.

சத்துக்குச் சூப்பு வைக்கத்தான் கூட்டாளி தந்திருக்கிறான் என்றார் கணவர். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்து, பிடிக்க வசதியாக இருக்கட்டுமென்று கால்கட்டை அவிழ்த்தார். அடுத்த கணம் அவருடைய மணிக்கட்டில் ஒரு உதை விழுந்தது. கோழி என் தலைக்கு மேலே கஜு மரக் கொப்பில் நின்றது.

இரண்டு நாட்கள் அதைப் பிடிக்கப் பார்த்தார்கள். அரிசி தூவினார்கள், வலை வீசினார்கள். கொப்புக் கொப்பாக அது ஏறிப் போனது. மூன்றாம் நாள் கணவர் உடப்புக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னார். எனக்கே கேட்கும்படி கூட்டாளியின் குரல் வந்தது.

"சூப்புக்கா? மச்சான், அது எங்க அப்பா காலத்திலிருந்து வர்ற சண்டைக்கோழி இனம். வீட்டில சும்மா இருக்கிற மனுசிக்குப் பொழுதுபோகட்டும், வளக்கட்டும்னுதானே தந்தேன்."

இந்த இனத்தை அவர்கள் வீட்டில் விற்பதில்லையாம், மனதுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுப்பதுதானாம். கணவர் தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"நல்ல வேளை, பிடிபடல்ல" என்றார்.

கத்தி அடுக்களைக்குத் திரும்பிப் போன அன்று பின்னேரமே கோழி தானாக இறங்கி வந்தது. வெள்ளைச் சேவல் மார்பை முன்தள்ளிக்கொண்டு எதிரே போனது. நான் கையில் பிளேன்டீயோடு இருந்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேவல் கூட்டின் கூரையில் ஏறி நின்று, கீழே தனக்கு வேலையொன்றும் இல்லாதது போல வேறு திசையைப் பார்த்தது. அன்றிலிருந்து தீனித் தட்டில் முதல் கொத்து புதுக்கோழியுடையது. நாலைந்து தானிய மணி தின்றுவிட்டு விலகி நிற்கும். லேயர்கள் முண்டியடித்துத் தின்பதைத் தலையைச் சரித்துப் பார்க்கும். இரவில் கூட்டுக்குள் போகாது, மரந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் கணவரின் தங்கை வீடு. மச்சிதான் அந்த ஆறு கிழமையும் எனக்குச் சமைத்துத் தந்தாள். அவளுடைய மிளகாய்க் கன்றுப் பாத்தியைப் புதுக்கோழி ஒரே காலையில் கிளறி முடித்தது. அவள் விளக்குமாற்றோடு துரத்தினாள். அரைவாசித் தூரம் ஓடிய கோழி நின்று திரும்பி அவளைத் துரத்தியது. மச்சி கதிரையில் ஏறி நின்றுகொண்டு வேலிக்கு மேலாக என்னிடம் சொன்னாள்:

"மதினி, இது கோழியில்ல, பொலிஸ்."

சிரித்தால் வயிறு வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். ஒப்பரேசனுக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மகன்மார் இருவரும் வளர்ந்து கொழும்பில் வேலை செய்கிறார்கள். எடுத்துப் போட்ட அந்தப் பையால் எனக்கு இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் பாதி உறக்கத்தில் என் கை அடிவயிற்றுக்குப் போகும், எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படிக் கை போகும்போதெல்லாம் கண்ணைத் திறந்து கோழிகளைப் பார்ப்பேன். நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும் மண்ணில் அந்தக் கருஞ்சிவப்புக் கோழி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கண் மூடிவிடும்.

ஐந்தாம் கிழமை ஒரு நாள், மத்தியான ளுகர் தொழுகையைக் கதிரையில் இருந்தபடியே முடித்துவிட்டு அப்படித்தான் கிடந்தேன். வேலியடியில் ஒரு மரக்கட்டை நகர்ந்தது. கனவு என்றே நினைத்தேன். கட்டை நாக்கை நீட்டியது. களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்த கபரகொய்யா, உடும்பு இனந்தான், ஆனால் அதைவிட இரண்டு மடங்கு நீளம். கூட்டுக்குள் ஒரு லேயர் முட்டையிட உட்கார்ந்திருந்தது. கபரகொய்யா நேரே அங்கே போனது.

கினிக்கோழிகள் கத்தத் தொடங்கின. சேவல் கூரைக்குப் பறந்தது. புதுக்கோழி மட்டும் ஓடிவந்து, கூட்டு வாசலில் அந்தத் தலையின் மேல் இரண்டு கால்களாலும் பாய்ந்தது. விழுந்து எழும்பி மறுபடியும் பாய்ந்தது. நான் எழும்பி, கையில் கிடைத்த தண்ணீர் ஜக்கை எறிந்தேன். அது கூட்டுத் தகரத்தில் பட்டுப் பெரிய சத்தம் எழுந்தது. கபரகொய்யா திரும்பி வேலிக்குள் நுழைந்து போய்விட்டது. போகிற போக்கில் அதன் நகம் கோழியின் விலாவைக் கிழித்திருந்தது.

அன்றுதான் முதல் தடவையாக அதைத் தொட்டேன். மடியில் தூக்கி வைத்தபோது இறக்கைக்குக் கீழே தோல் ஒரு விரல் நீளத்துக்குத் திறந்து தொங்கியது. உள்ளே சதை சிவப்பாகத் துடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சியிடம், என் தையல் பெட்டியை எடுத்து ஊசியையும் வெள்ளை நூலையும் அவித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

"உங்கட வயித்துத் தையலே இன்னும் சரியாக் காயல்ல மதினி" என்றாள்.

"இருந்துகொண்டுதானே தைக்கப் போறேன். கொண்டு வா."

மச்சி தன் முந்தானையால் கோழியின் தலையை மூடிப் பிடித்தாள். இருள் வந்ததும் அது அடங்கிவிட்டது. நான் உப்புத் தண்ணீரால் கழுவி, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தேன். பட்டுத் துணியைவிட மெல்லிய தோல். இழுத்தால் கிழியும், தளரவிட்டால் பிரியும். பதினொரு தையல். மஞ்சள் அப்பி, காட்போட் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்த பிறகு என் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. மச்சி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன்.

கோழி பிழைத்தது. பத்து நாள் கழித்து நூலைப் பிரித்தேன். ஆனால் இடது இறக்கை தாழ்ந்துவிட்டது, மரத்துக்குப் பறக்க முடியவில்லை. சேவலுக்கு இது விளங்கிவிட்டது. இரண்டு நாள் அதை முற்றம் முழுக்க விரட்டியது. நான் தடியை எடுத்தபோது கணவர் வேண்டாமென்றார். மூன்றாம் நாள் கோழி ஓடவில்லை. தாழ்ந்த இறக்கையைத் தரையில் ஊன்றியபடி நின்றது. சேவலும் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சேவல் விலகிப் போய்க் கிளறத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒரு மாதமிருக்கும். வெங்காயச் சாக்குகள் அடுக்கிய மூலையில் அது அடைக்கு உட்கார்ந்தது. தன்னுடைய ஐந்து முட்டைகளோடு, அடைகாக்கத் தெரியாத லேயர்களின் முட்டைகள் நாலையும் நான் மெல்ல உள்ளே தள்ளிவிட்டேன். அது வேற்றுமை பார்க்கவில்லை. இருபத்தோராம் நாள் விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்த கணவர் கோழியின் அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தார். புறங்கையில் நல்லதாக ஒரு கொத்து வாங்கி, இரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே முட்டையை என் காதருகே பிடித்தார்.

"கேக்குதா?"

ஓட்டுக்குள் யாரோ நகத்தால் தட்டுவது போல இருந்தது. நிற்கும், பிறகு மறுபடியும் தட்டும்.

"ஓம்" என்றேன்.

அவரும் குனிந்து தன் காதை முட்டையின் அடுத்த பக்கத்தில் வைத்துக்கொண்டார். சாக்குகளிலிருந்து வெங்காய வாசம் வந்தது. கோழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.