மெமரி வாங்கப் போன நசீர் நானா

போன கிழமை மகளின் மடிக்கணினி திடீரென்று ஆமையாகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மெமரியைப் பலகையோடு சேர்த்தே ஒட்டியிருக்கிறார்கள், இனிக் கூட்ட ஏலாது, புதிது வாங்குவதுதான் நல்லது என்றார். மகள் அங்கேயே நின்று புது மாடல்களைத் தேடத் தொடங்கினாள். எனக்கோ திறந்து கிடந்த அந்தப் பெட்டியிலிருந்து வந்த சூடேறிய தூசியின் மணம் மூக்கில் ஏறிவிட்டது. அந்த மணம் ஏறினால் நான் நேரே திருகோணமலைக்குத்தான் போவேன்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது எங்கள் அச்சகம். சண்டைக் காலம். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போவேன். தட்டச்சு தெரிந்தவள் என்பதற்காக முதலாளி என்னைக் கணினிக்கு முன்னால் இருத்திவிட்டார். முதல் நாள் மேசை விளிம்புவரை மவுஸை இழுத்துக்கொண்டு போய், “இனி எங்க கொண்டு போறது?” என்று கேட்டவள் நான். பின்வாசலில் கழிவுத்தாள் தின்ன மான்கள் வந்து நிற்கும். ஊர் மான்களுக்கு அச்சுமையில் ஒரு ருசி உண்டென்று அப்போது உண்மையாகவே நம்பியிருந்தேன்.

கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஆனால் கூடுதலாக வந்தது கல்வெட்டுத்தான். கல்லில் வெட்டுவதல்ல, செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்குப் படங்களும் தேவாரமும் போட்டு அச்சடிக்கும் சிறு புத்தகம். அந்த வருஷங்களில் அந்த வேலைக்கு மட்டும் குறைவிருக்கவில்லை.

பக்கம் அமைக்கும் மென்பொருள் வெறும் எழுத்தென்றால் ஓடும். ஒரு படம் வைத்தால் மூச்சு முட்டும். முகம் நெற்றியிலிருந்து வரிவரியாக இறங்கி வரும். உறவுக்காரர் என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூக்குவரை வந்ததும் கரண்ட் போகும். பிறகு திரும்ப நெற்றியிலிருந்து.

அப்படித்தான் ஒரு நாள் கப்பல்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். அறுவடைக்குப் போன ஒரே மகனை வழியில் சுட்டுப் போட்டிருந்தார்கள். சுட்டது யாரென்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ‘சுட்டுக் கொல்லப்பட்ட’ என்று போடவேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பிரச்சினை வரவேண்டாம் என்று தானாகவே ‘அகால மரணமடைந்த’ என்பதற்கு இறங்கி வந்தார். ஆனால் படங்களில் மட்டும் இறங்கவில்லை. தொட்டிலில் கிடந்தது முதல் அடையாள அட்டைப் படம்வரை எல்லாம் வரவேண்டும் என்றார். நாலாம் பக்கத்தோடு கணினி உறைந்துவிட்டது.

வேறு வழியில்லை, கணினிக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றாகியது. எதை மாற்றுவது? புரொசசரை மாற்றவேண்டும் என்று முதலாளி பிடிவாதமாய் நின்றார்; கொழும்புக் கடையில் தொலைபேசியில் அப்படித்தான் சொன்னார்களாம். அச்சு இயந்திரம் ஓட்டிய நசீர் நானாவுக்கு (கிண்ணியா முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்) அதில் சந்தேகம். படங்களை எடுத்துவிட்டு அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஓடியது. படத்தை வைத்ததும் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, வட்டு உள்ளே உறுமத் தொடங்கியது.

“மேசை சின்னன், தங்கச்சி. ஒவ்வொரு தாளுக்கும் அலுமாரிக்கு ஓடுது. ஆளை மாத்தி என்ன செய்ய? மேசையைப் பெருசாக்கணும்.”

ஆள் புரொசசர், அலுமாரி வட்டு, மேசைதான் மெமரி என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. முதலாளியும் ஒத்துக்கொண்டார். கொழும்புக்குத் தானே போவதாக நசீர் நானா சொன்னார். தமிழ்ப் பெயரோடு போய் லொட்ஜில் அறை எடுத்தால் பொலிஸ் கேள்வி என்ன பாடென்று எல்லோருக்கும் தெரியும்; முஸ்லிம் பெயருக்கு அவ்வளவு இல்லை.

திரும்பி வரும்போது கண்டி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். பையில் இரண்டு பச்சைத் தகடுகள், அவற்றில் கறுப்புச் சில்லுகள். குண்டுக்கு வைக்கிற சாமான் என்று சந்தேகம். அதே பஸ்ஸில் வந்த ஒருவர்தான் வந்து சொன்னார். மகனைப் பிடித்த சேதி கேட்டு நானாவின் உம்மா கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வந்து, அச்சகத்து வாங்குப் பலகையில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு முன்னால் எனக்குத் தேநீர் குடிக்க முடியவில்லை.

முதலாளி போய்க் கெஞ்சினார். எந்தப் பெட்டிக்கு வாங்கியதோ அதைக் கொண்டுவந்து போட்டுக் காட்டு என்று அதிகாரி சொல்லியனுப்பினார். கணினியையும் திரையையும் படுக்கை விரிப்பால் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். வழி முழுக்க அந்தப் பையனின் கல்வெட்டு உள்ளே கிடக்கிறதே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அழித்துவிட்டுப் போவோமா என்று முதலாளி கேட்டிருந்தார். திரும்பச் செய்ய நாளில்லை என்று நான்தான் மறுத்தேன்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். நசீர் நானாவைக் கொண்டுவந்தார்கள். உடுத்திருந்த சாரம் மண்ணாயிருந்தது. என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தகட்டை எடுத்துத் தந்தார்கள். நான் தலைமாறிப் பிடித்ததில் முதல் தடவை பொருந்தவில்லை. இரண்டாம் தடவை டிக் என்று உட்கார்ந்தது. ஜெனரேட்டரில் போட்டோம். ஓடாமல் நிற்கிற வேலை எதுவோ அதைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. திறந்தேன். நாலாம் பக்கம் ஒரு நொடியில் வந்து நின்றது. பள்ளிச் சீருடையில் அந்தப் பையன்.

யார் இது, எப்படிச் செத்தான் என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சுட்டது, ஐயா,” என்றேன்.

முதலாளி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ‘அக்சிடன்ட்’ என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. அதிகாரி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு திரையை அணைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மாலையில் நானாவை விட்டார்கள். மற்றத் தகட்டைப் பரிசோதனைக்கென்று வைத்துக்கொண்டார்கள். அது வரவேயில்லை.

பாதி மெமரியோடும் கணினி பறந்தது. சரிபார்க்க வந்த அம்மா வழக்கம்போல என் பின்னால் நின்றார். முகம் சட்டென்று முழுதாக வந்ததும் என் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“முந்தி மெல்ல மெல்ல வருவான், பிள்ளை,” என்றார்.

கல்வெட்டு முப்பத்தோராம் நாளுக்கு முடிந்தது.

நசீர் நானா மறுநாளே வேலைக்கு வந்தார். ஆனால் கண்டி வீதியால் போகிற எந்த வேலையையும் பிறகு எடுக்கவில்லை. அன்று என்ன செய்தார்கள் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அடிக்கவில்லை, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், கடைசியில் தனக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்றார். அடுத்த வருஷம் கட்டாருக்குப் போனார். பிறகு அங்கேயே மௌத்தாகிவிட்டாராம், அடக்கமும் அங்கேதானாம். அச்சகம் நின்ற இடத்தில் இப்போது வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல். அந்த அம்மாவின் வீடு எதுவென்று நான் அப்போதே கேட்டு வைக்கவில்லை.

சென்ற ஆனியில் ஊருக்குப் போனபோது, அந்தச் சாவடி வரும், பார்ப்போம் என்று ஜன்னலோரம் இருந்தேன். வீதியை அகலமாக்கியிருந்தார்கள். மரங்கள் மாறியிருந்தன. இதுதானா, இல்லை அந்த வளைவா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பஸ் வேகம் குறையாமலே போய்விட்டது.