அண்ணியின் நாக்கு

மூன்று சிறிய வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றும் இரண்டு மடக்குக்கு மேல் கொள்ளாது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் என் அண்ணன் நடத்திய சிறு தொழிற்கூடத்தில் சுட்டெடுத்தவை. புதுச்சேரியில் சொந்தமாகக் காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் ஒருவர், எஸ்பிரெஸோ என்னும் கட்டிக் காப்பி குடிப்பதற்கென்றே அவற்றைச் செய்யச் சொல்லியிருந்தார். செய்து முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே காரில் வந்தார். காப்பி போடும் ஒரு இயந்திரத்தையும், தான் கலந்து வறுத்த மூன்று வகைக் கொட்டைகளையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இறக்கி வைத்தார். பாலும் சர்க்கரையும் வேண்டாம், அப்படியே குடித்துப் பாருங்கள் என்றார். அண்ணன் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "பிரமாதம்" என்று மூன்று முறை சொன்னார். எனக்கு மூன்றும் ஒரே கசப்புதான். அண்ணியிடம் யாரும் ஒரு கோப்பையை நீட்டவில்லை. நானும்தான் நீட்டவில்லை.

வந்தவர் இயந்திரத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார். அண்ணி கோப்பைகளைக் கழுவ எடுத்துப் போனார். அடியில் மிச்சமிருந்த காப்பியைக் கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். கழுவிய கையைத் துடைத்தபடி வெளியே வந்து சொன்னார்:

"ஏங்க, அந்த மூணாவதுல நனைஞ்ச கோணி வாசன வருதுங்க."

அண்ணன் சிரித்தார். "அது என்னா வெலன்னு தெரியுமா உனக்கு? கோணியாம் கோணி. போயி சோத்த வடி."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை இன்று எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாலையில் அண்ணன் புதுச்சேரிக்காரரிடம் தொலைபேசியில் பேசியது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. "தம்பி, காலையில சொல்ல வேணாம்னு பாத்தேன். அந்த மூணாவதுல ஏதோ ஈரச் சாக்கு வாசன வருதுப்பா." இரண்டு நாள் கழித்து அவர் திரும்ப அழைத்தார். மழையில் கிடங்கு ஒழுகி ஒரு மூட்டை நனைந்திருக்கிறது. வேலையாட்கள் அதைக் காயவைத்து மற்றதோடு கலந்துவிட்டிருக்கிறார்கள். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாராம். அண்ணன் அதைச் சோறு சாப்பிடும்போது எங்களிடம் பெருமையாகச் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியிடமே சொன்னார். அண்ணி, "மோரு ஊத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு பார்சல் வர ஆரம்பித்தது. புதிதாக எந்தக் கலவை வறுத்தாலும் முதல் பொட்டலம் அண்ணனுக்கு வரும். அவர் ருசி பார்த்து எழுதியனுப்பினால்தான் அது விற்பனைக்குப் போகும். இயந்திரத்தைக் கையாளக் கற்றுக்கொண்டது அண்ணி. எந்த அளவுக்கு அரைத்தால் காப்பி தேன் போலக் கட்டியாக இறங்கும், எந்த அளவில் தண்ணீராக ஓடும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்துவிட்டது. மதியம் வீடு அடங்கியபின் ஒரு கோப்பை போட்டு, சமையலறை ஜன்னல் ஓரம் நின்றபடியே குடிப்பார். முதல் மடக்கை உடனே விழுங்கமாட்டார். மேலே மிதக்கும் பொன்னிற நுரையை மட்டும் உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, அப்புறம் இறக்குவார். பள்ளி விடுமுறை நாட்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

"மொதல்ல முந்திரிப் பழத்தோட காறல் லேசா வருது பாப்பா. அது போனதும் வெல்லப்பாகு. முழுங்குனப்புறம் நாக்கு ஓரத்துல நார்த்தங்கா தோலு நிக்குது பாரு, அது ரொம்ப நேரம் போவல" என்றார் ஒருமுறை. திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். தனக்குத் தெரிந்த ருசிகளை வைத்துத்தான் தெரியாத ருசியை அளந்தார். அவர் சொன்னபிறகு குடித்துப் பார்த்தபோது, வெறும் கசப்பென்று நான் நினைத்திருந்ததற்குள்ளிருந்து அந்த நார்த்தங்காய் எனக்கும் மெல்ல எட்டிப் பார்த்தது. பல பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். எனக்கும் ஒரு நாக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் இரவுச் சாப்பாட்டின்போது, "என்னா இருக்குது இதுல?" என்று சாதாரணமாகக் கேட்பார். அண்ணி சொல்வார். மறுநாள் அது அண்ணன் பெயரில் ஆங்கிலத்தில் புதுச்சேரிக்குப் போய்விடும்.

இது எனக்குத் தெரிந்தது, விற்பனைக்கு வந்த பொட்டலத்தைப் பார்த்தபோதுதான். பின்பக்கத்தில் 'கேரமல், ஆரஞ்சு' என்று அச்சிட்டு, கீழே 'ருசி ஆலோசகர்' என்று அண்ணன் பெயரும் சிறிதாக ஒரு படமும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய் அண்ணியின் முன் நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். முகம் மாறியது. அண்ணன் பெயரைப் பார்த்துத்தான் மாறியது என்று நினைத்தேன்.

"நான் நார்த்தங்கான்னுதான பாப்பா சொன்னேன்? ஆரஞ்சு இதுல இல்லவே இல்ல. பேரு போனா போவுது, யாரு பேரோ போட்டுக்கட்டும். ருசிய மாத்தி எழுதுனா எப்புடி?"

அன்று இரவு அண்ணனிடமும் அதைச் சொன்னார். அவர் வாழ்நாளில் அண்ணனிடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அது ஒரு முறைதான். "நார்த்தங்கான்னு போட்டா எவன் வாங்குவான்? உனக்கு வியாபாரம் புரியாது" என்று அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

புதுச்சேரிக்காரருக்கு நான் எழுதுகிறேன் என்று அண்ணியிடம் வாக்குக் கொடுத்தேன். கைப்பேசியில் முழுவதும் தட்டச்சு செய்தும் வைத்தேன். அனுப்பவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டில் இருப்பவள். நாளைக்கும் அதே மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அண்ணியும் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அனுப்பமாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சென்ற ஆண்டு அண்ணி படுக்கையில் விழுந்தார். வைத்தியத்தில் முதலில் போனது ருசிதான். கஞ்சியும் பாலும் ஒன்றுபோலிருக்கிறது என்றார். அந்த நிலையில் ஒரு பார்சல் வந்தது. அண்ணன் தானே காப்பி போட்டு, கோப்பையும் தேக்கரண்டியுமாகக் கட்டிலருகே உட்கார்ந்தார். "ஒரு சொட்டுதான். என்னா இருக்குதுன்னு மட்டும் சொல்லு. அந்தத் தம்பி காத்துக்கிட்டிருக்குது." நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆரஞ்சுன்னு எழுதிக்குங்க" என்றார்.

அண்ணன் அதை எழுதிக்கொண்டார்.

அண்ணியின் காரியம் முடிந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் படத்திறப்பு நடந்தது. நல்லூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அவங்க கையால காப்பி குடிக்கணுமே, அப்படி ஒரு கைமணம், அந்தக் கை இனி வருமா. கை, கை, கை. முப்பது வருஷம் அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடித்தவர்கள். அவர் என்ன குடித்தார், எப்படிக் குடித்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. புதுச்சேரிக்காரரும் வந்திருந்தார். அண்ணனின் கையைப் பிடித்து, "இந்த நேரத்துலயும் போன மாசம் ருசி பாத்து எழுதி அனுப்பினீங்களே சார்" என்றார்.

நான் எழுந்தேன். மேடைப் பேச்சு எனக்குப் புதிதல்ல. "எங்க அண்ணிக்குக் கை இருந்த மாதிரி நாக்கும் இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்தேன். ஈரச் சாக்கிலிருந்து கடைசித் தேக்கரண்டி வரை சொன்னேன். ஒரு பெரியவர், "எந்த எடத்துல எத பேசற?" என்றார். இந்த இடத்தில்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். நானும் சிரித்ததை, கைப்பேசியில் எழுதிவைத்ததை அனுப்பாததை, எல்லாவற்றையும் சொன்னேன். புதுச்சேரிக்காரர் எழுந்து படத்தருகே போனார். மூன்று வருஷமாக மேடம் என்று அழைத்தவர், படத்தின் கீழே எழுதியிருந்த பெயரை அப்போதுதான் வாய்விட்டுப் படித்தார்.

எல்லோரும் போனபின் அண்ணன் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைத் தூக்காமலே கேட்டார்:

"கடைசியா எழுதிக்கச் சொன்னாளே, அது ஆரஞ்சு இல்லன்னு உன்கிட்ட சொன்னாளா?"

"உங்ககிட்டதான் சொன்னாங்க" என்றேன்.